நவமணி அக்காவும் மூன்று அங்கிள்களும்

பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் தாதியர் மாணவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடு என்று எங்கள் மாணவர் கழகத்தினர் என்னைக் கேட்டார்கள். கேட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தலைப்புகளையும் அவர்களே கொடுத்தார்கள். நேரத்தைத் திட்டமிடுவது எப்படி, நண்பர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி, மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி ஆண்டுக்கு வந்துவிட்டேன், இதில் ஒன்றைக்கூட நான் செய்ததில்லை. கையில் நேரம் இருந்தால்தானே திட்டமிடுவதற்கு? ஆய்வுக்கூடத்தில் ஒரு பயிற்சிக் கட்டிலுக்கு மூன்று பேர் என்று பிரித்துவிட்டார்கள், அந்த மூன்று பேரும் நண்பர்கள் ஆகிவிட்டோம். மன அழுத்தம் வந்தபோதெல்லாம் போய் மீ கோரேங் சாப்பிட்டோம்.

உபயோகமாக ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், சொல்கிறேன். காலணியை ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள், மதியத்துக்கு மேல் கால் வீங்கும். வெள்ளைச் சீருடையோடு மீன் குழம்புப் பக்கம் போகாதீர்கள். ஆண் பிள்ளையாக இருந்தால், "டாக்டருக்கா படிக்கிற?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மருத்துவமனைத் தாதியை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் என் மாமா ஒருவர் என்னை இன்றுவரை 'மிஸ்டர் மிஸ்ஸி' என்கிறார். ஒவ்வொரு முறையும் அவரே சிரித்துக்கொள்கிறார்.

மற்றதெல்லாம் நவமணி அக்காவின் கதையில் இருக்கிறது. நான் ஜெஃப்ரி. அக்காவும் நானும் ஒரே வகுப்பு, ஒரே கட்டில். எங்கள் கட்டிலில் மூன்றாவது ஆள் சித்தி ஹாஜரா. அலோர் ஸ்டார் பக்கத்து மலாய்ப் பெண், சித்தி என்பது உறவுமுறை இல்லை, பெயரே அதுதான்; பயந்த சுபாவம், ஆனால் சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

முதல் நாள் நாங்கள் எல்லாரும் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் பெரிய பை, மூக்கில் கண்ணாடி. அவர் பார்த்த பார்வையிலேயே நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று குட்மார்னிங் சொன்னோம். அவரும் குட்மார்னிங் சொன்னார். "உக்காருங்க, உக்காருங்க" என்று மலாயிலும் சொன்னார். உட்கார்ந்தோம். எல்லாரும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். பாதிப் பேர் இல்லை என்றதும் பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்து முதல் வரிசையிலிருந்து விநியோகிக்க ஆரம்பித்தார். அந்த நேரத்தில்தான் உண்மையான விரிவுரையாளர் மேடம் நூர்ஜான் உள்ளே வந்தார். இட்லியோடு நின்றவரைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

"நான் ஸ்டூடன்ட், மேடம். ஒண்ணு எடுத்துக்கிறீங்களா?"

அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அக்கா ஆனார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, சித்தி ஹாஜராவுக்கும் அக்கா, சீன மாணவர்களுக்கும் அக்கா, காவலாளிக்கும் அக்கா. அவர் பெயர் நவமணி என்று எங்களுக்கு அந்தப் பருவம் முடிகிறவரை தெரியாது. யாரும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும், அதுதான் அக்கா என்று இருக்கிறதே.

அக்காவுக்கு வீடு பட்டர்வொர்த்தில். கணவர் மோகனராஜ் அண்ணன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறார். அக்கா கல்யாணம் ஆனதிலிருந்து ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, லைன் லீடர் வரைக்கும் வந்தவர். ஒருமுறை மாமியார் வடிவம்மாளுக்குப் பித்தப்பையில் கல் என்று மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். துணைக்குப் போன அக்கா, மாமியாரைக் கவனித்த நேரம் போக, வார்டில் இருந்த அத்தனை பெண்களுக்கும் தலைவாரிப் பின்னிவிட்டு, ஒரு சீனப் பாட்டிக்குக் கால் நகம் வெட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, "நான் மிஸ்ஸிக்குப் படிக்கப் போறேன்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் யாரும் நம்பவில்லை. வேலையை விட்டு நின்ற பிறகுதான் நம்பினார்கள்.

படிக்கச் சேர்ந்ததிலிருந்து ஃபெரியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு தினமும் பல்கலைக்கழகம் இருக்கும் தீவுக்கு வந்துபோனார். எங்களுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது, அக்காவுக்கு எல்லாமே வந்தது. அவர் விரித்த படுக்கையில் சுருக்கம் இருக்காது. பயிற்சிப் பொம்மைக்கு அவர் ஊசி போட்டால் பொம்மைக்கே வலித்திருக்காது. கை கழுவும் முறையை எங்களில் பலர் பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்தபோது அவர் ஒரே தடவை பார்த்துவிட்டுச் செய்தார்.

ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. நோயாளியிடம் பெயர் கேட்பது.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மருந்து கொடுப்பதற்கு முன்னால், ஊசி போடுவதற்கு முன்னால், எங்காவது கூட்டிப்போவதற்கு முன்னால், நோயாளியின் முழுப் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்ல வேண்டும். பிறகு கையில் கட்டியிருக்கும் பட்டையைப் பார்க்க வேண்டும். பிறகு மருந்துத் தாளைப் பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்ற எல்லாவற்றையும் தங்கமாகச் செய்திருந்தாலும் தேர்வில் சுழியம்தான். மேடம் நூர்ஜான் இதில் ஈவு இரக்கம் பார்க்க மாட்டார். அவருடைய தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்கு சூலியா தெருவில் நாணய மாற்றுக் கடை இருக்கிறது. ஒரு நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாங்காத வம்சம்.

ஆனால் நம் ஊரில் பெரியவர்களுக்கு ஏது பெயர்? தமிழர், சீனர் என்றால் அங்கிள், ஆண்ட்டி. மலாய்க்காரர் என்றால் பாச்சிக், மாச்சிக். பக்கத்து வீட்டில் பிறந்து வளர்ந்தாலும் அந்த வீட்டு அங்கிளின் பெயர் அவருடைய இறப்பு அறிவிப்பில்தான் நமக்குத் தெரியவரும். அக்கா இந்த மரியாதையில் ஊறிப்போனவர். ஆய்வுக்கூடத்துப் பொம்மையைக்கூட அங்கிள் என்றுதான் கூப்பிட்டார். போர்வையை விலக்குவதற்கு முன்னால், "அங்கிள், கொஞ்சம் மன்னிச்சுக்குங்க" என்பார். பெயரை மட்டும் கேட்க மாட்டார்.

"எங்கப்பா வயசு ஆளுகிட்ட போயி, உன் பேரு என்னன்னு கேக்கறது போலீஸ்காரன் வேலைடா தம்பி" என்றார் என்னிடம்.

"அக்கா, ஃபேக்டரில லேபல் பாக்காம பெட்டிய அனுப்புவீங்களா?"

"அது பெட்டிடா. பெட்டி கோவிச்சுக்காது."

பருவத்தின் நடுவில் ஒருநாள் எங்களை ஒரு மருத்துவமனைக்கு வேடிக்கை பார்க்க அழைத்துப் போனார்கள். வேடிக்கைதான், ஒன்றையும் தொடக் கூடாது. ஆண்கள் வார்டில் வேலை நெருக்கடி. அங்கிருந்த தாதி ஒருவர் அக்காவின் வயதைப் பார்த்து அனுபவசாலி என்று நினைத்திருக்க வேண்டும். முகவாயால் ஒரு கட்டில் வரிசையைக் காட்டி, அந்த அங்கிளை எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா அந்த வரிசைக்குப் போய் நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டு, குரலில் தேன் தடவி, "அங்கிள், எக்ஸ்ரே போலாமா?" என்று கேட்டார்.

மூன்று பேர் எழுந்தார்கள்.

அக்கா அசரவில்லை. மூன்று பேருக்கும் எக்ஸ்ரே போல இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஒருவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, மற்ற இருவரையும் பின்னால் நடக்கச் சொல்லி, பள்ளிக்கூடச் சுற்றுலா மாதிரி அழைத்துப் போனார். நானும் சித்தி ஹாஜராவும் கூடவே போனோம், எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. எக்ஸ்ரே அறையில் இருந்தவர் முதல் காரியமாகப் பெயர் கேட்டார். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. நாற்காலியில் வந்தவருக்கு நேற்றே எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. அவருக்குப் படுத்துப் படுத்து அலுப்பாக இருந்ததாம். இரண்டாவது அங்கிள் கண் அறுவைக்கு வந்தவர், மிஸ்ஸி கூப்பிட்டால் போகத்தானே வேண்டும் என்றார். மூன்றாவது அங்கிள் அதற்குள் சட்டையைக் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்துவிட்டார். அவர் நோயாளியே இல்லை. தம்பியைப் பார்க்க ரம்புத்தான் பையோடு வந்தவர்.

"எனக்கும் ரொம்ப நாளா முட்டி வலிதாம்மா. நீ அன்பா கூப்பிட்டியா, சரி வந்ததுக்கு ஒண்ணு எடுத்துக்கலாம்னு பாத்தேன்" என்றார் அவர்.

முட்டி வலிக்கு எதற்குச் சட்டையைக் கழற்றினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எக்ஸ்ரே எடுக்க வேண்டிய அசல் அங்கிள் வார்டில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். சித்தி ஹாஜரா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் அவளை ஒரு நோயாளி என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மேடம் நூர்ஜான் சிரிக்கவில்லை. திரும்பி வந்து பேருந்திலிருந்து இறங்கும்போது, "இன்னிக்கு எக்ஸ்ரே ரூமு. நாளைக்கு ஆபரேஷன் ரூமா இருந்தா?" என்றார். அக்காவின் முகம் சுண்டிப்போனது. எனக்கும் சிரிப்பு நின்றுபோனது.

பருவ இறுதியில் ஓஸ்கி வந்தது. ஓஸ்கி என்பது செய்முறைத் தேர்வு. வரிசையாக அறைகள் இருக்கும், மணி அடித்தால் உள்ளே போய்ச் சொன்னதைச் செய்ய வேண்டும், மறுபடி மணி அடித்தால் அடுத்த அறைக்கு ஓட வேண்டும். அன்று காலை அக்கா எங்கள் எல்லாருக்கும் திருநீறு கொண்டுவந்தார். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன், இருந்தாலும் தேர்வு நாளில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். உள்ளே போன அக்கா, லிம் என்று பட்டை கட்டியிருந்த பொம்மையின் நெற்றியிலும் ஒரு கீற்று இழுத்துவிட்டார். கிருமித் தடுப்பு விதிகளில் இதற்கு எந்தப் பிரிவில் மதிப்பெண் குறைப்பது என்று பரிசோதகர்கள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். குறைக்கத் தேவை இருக்கவில்லை. பொம்மை அங்கிளிடம் அக்கா பெயரைக் கேட்கவில்லை.

மறுநாள் மேடம் நூர்ஜான் வகுப்பில் முடிவை அறிவித்தார். எல்லாரும் தேர்ச்சி, ஒருவரைத் தவிர. "நவமணி, மறுதேர்வு" என்றார்.

வகுப்பில் பெருமூச்சு கேட்டது. அப்பாடா, அக்கா இல்லை. சித்தி ஹாஜரா என் காதில், பாவம், யார் அந்த நவமணி என்று கேட்டாள். தெரியவில்லை, பின்வரிசைப் பெண்ணாக இருக்கும் என்றேன். எல்லாரும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பின்வரிசைக்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள். எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அக்கா மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"நான்தான்டா" என்றார்.

ஒரு பருவம் முழுக்க அவர் இட்லியைத் தின்றவர்கள் நாங்கள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுதேர்வு ஒரே ஒரு தடவைதான். அதிலும் தோற்றால் முதலாண்டை மறுபடி படிக்க வேண்டும். அதற்கு அக்கா நிற்க மாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். ஜுரு மேலாளர் வாராவாரம், உங்கள் இடம் அப்படியே இருக்கிறது, எப்போது வருகிறீர்கள் என்று வாட்சாப்பில் கேட்டுக்கொண்டே இருந்தார். படகுத்துறையில் மோட்டாரைச் சாய்த்துக்கொண்டு அக்கா எங்களிடம் சொன்னார். "ஃபெயிலானா அங்கதான் போவணும். வேற வழி இல்ல. ஆனா எனக்கு இந்த வேல புடிச்சிருக்குடா. இது மாதிரி எனக்கு எதுவும் புடிச்சதே இல்ல." சொல்லிவிட்டு ஃபெரிக்குள் போய்விட்டார். சித்தி ஹாஜராவுக்குத் தமிழ் புரியாது, ஆனால் அவள்தான் முதலில் அழுதாள்.

அக்காவுக்குப் பயிற்சி கொடுப்பது என்று முடிவெடுத்தோம். எங்களிடம் பெயர் கேட்பதில் அவருக்குச் சிரமம் இல்லை, நாங்கள் சின்னப் பிள்ளைகள். பெரியவர்கள் வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தி ஹாஜராவும் பட்டர்வொர்த்துக்கு அவர் வீட்டுக்கே போனோம். கூடத்தில் பாய் விரித்து மாமியார் வடிவம்மாளை நோயாளியாகப் படுக்க வைத்தோம். நோயாளிக்கு வாயெல்லாம் சிரிப்பு.

"ஆரம்பிங்க அக்கா" என்றேன்.

அக்கா கை கழுவிவிட்டு வந்து மண்டியிட்டார். தொண்டையைச் செருமினார். "அத்தை... உங்க முழுப் பேரு சொல்லுங்க."

வடிவம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "என் பேரு ஒனக்குத் தெரியாதா? இத்தன வருசமா என் கையால ஆக்கிப் போட்ட சோத்தத் தின்னுட்டு, இன்னிக்கு வந்து யாருங்கறியா?"

"பாட்டி, இது டெஸ்ட்டு" என்றேன்.

"டெஸ்ட்டுக்கு வேற ஆளப் பாரு. அடுத்து என்ன கேப்பா?"

"பொறந்த தேதி."

"அது ஐ.சி. கார்டுல தப்பா இருக்கு. எது சொல்லணும், தப்பா, சரியா?"

அக்கா எங்களைப் பார்த்தார். பாடப்புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. அடுத்து ஒவ்வாமை ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும். அக்கா கேட்டார். "ஒன் சாம்பாரு" என்று நோயாளி பதில் சொன்னார். இந்த அளவில் அந்த நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், அதாவது சமையலறைக்கு.

பிறகு மோகனராஜ் அண்ணனைப் படுக்க வைத்தோம். வாட்டசாட்டமான ஆள், பாய் போதவில்லை. வாய் பேசாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நல்ல நோயாளியாகக் கிடந்தார். அக்கா கேட்டதும் "மோகனராஜ்" என்று ஒழுங்காகச் சொன்னார். நியதிப்படி அக்கா அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி, பட்டையோடு சரிபார்க்க வேண்டும்.

அக்கா வாயைத் திறந்தார். மூடினார். முகம் சிவந்துவிட்டது. கணவரை அவர் இதுவரை பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "இங்க பாருங்க" என்பார், அல்லது கதவைத் தட்டுவார். சமையலறையிலிருந்து வடிவம்மாள் எட்டிப் பார்த்து, "சொல்லு, சொல்லு, நான் வச்ச பேருதான்" என்று உற்சாகப்படுத்தினார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் ஏதோ சொன்னார்.

"கேக்கலக்கா" என்றேன்.

"மோகனராஜ்!" என்று கத்தினார் அக்கா. அண்ணன் திடுக்கிட்டு எழுந்து நின்றே விட்டார். பக்கத்து வீட்டில் வானொலி நின்றது. சித்தி ஹாஜரா பாயில் உருண்டாள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. காதோரம் சிவக்க நின்றுகொண்டு, "இன்னொரு வாட்டி சொல்லேன்" என்றார். அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. அக்கா எங்களை மீன் குழம்பு சாப்பிடச் சொல்லி வாயடைத்தார்.

மறுதேர்வு நாளில் காலையிலிருந்து மணி அடித்தவர் சாப்பிடப் போனதால், அக்காவின் முறைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் போய் நின்றேன். அந்த அறையில் எனக்கும் வேர்த்துக் கொட்டியது. இந்த முறை பொம்மை இல்லை. நோயாளியாக நடிக்க ஆள் வைத்திருந்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தமிழ்ப் பெரியவர். நரைத்த மீசை, கனிந்த முகம். யாரும் பார்த்தவுடன் அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். வேண்டுமென்றே தேடிப் பிடித்திருப்பார்கள் என்று நினைத்து நான் மேடம் நூர்ஜானை முறைத்தேன். அவர் மூலையில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார், என்னைக் கவனிக்கவில்லை.

அக்கா வந்தார். கை கழுவினார். தட்டில் மாத்திரைக் கிண்ணம், பக்கத்தில் மருந்துத் தாள்.

"வணக்கம் அங்கிள்" என்றார்.

போச்சு, எல்லாம் போச்சு.

"நான் நவமணி. நர்ஸிங் ஸ்டூடன்ட். ஒங்களுக்கு மருந்து கொண்டாந்திருக்கேன். ஒங்க..." குரல் நின்றது. "ஒங்க முழுப் பேரு சொல்லுங்க."

கேட்டுவிட்டார்! நான் மணியை அடித்துக் கொண்டாடாமல் இருந்ததே பெரிது. ஆனால் அந்தப் பெரியவர் கையைத் தூக்கி அக்காவின் மணிக்கட்டைத் தட்டிக்கொடுத்தார்.

"பேரெல்லாம் எதுக்கும்மா? எனக்கும் ஒன் வயசுல மவ இருக்கா. அப்பான்னே கூப்பிடு, போதும். அந்த மாத்திரயக் குடு தாயி, முழுங்கிடறேன்" என்று சொல்லி வாயை ஆவென்று திறந்து நாக்கை நீட்டினார்.

இதைவிடப் பெரிய சோதனையை அக்காவுக்கு யாரும் வைத்திருக்க முடியாது. கிண்ணத்தை எடுத்த கை பாதி தூரம் போய்விட்டது. மேடம் நூர்ஜானின் பேனா நின்றது. அக்காவின் கண்ணில் தண்ணீர் கட்டியதை நான் பார்த்தேன். அப்பா என்று கூப்பிடச் சொன்ன மனிதரின் பேச்சைத் தட்டுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கை திரும்பி வந்தது.

"அப்பான்னே கூப்பிடறேன்" என்றார் அக்கா. "ஆனா எங்கப்பாவுக்கு மருந்து வேற. ஒங்க பேரச் சொல்லுங்க."

பெரியவர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். "சிங்காரம்" என்றார். "பெருமாள் மவன் சிங்காரம்."

அக்கா கைப்பட்டையைப் பார்த்தார். சிங்காரம் என்றுதான் இருந்தது. பிறகு மருந்துத் தாளைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். கிண்ணத்தைத் தட்டில் வைத்து மூடினார்.

"சிங்காரம் அங்கிள், இது ஒங்க மருந்து இல்ல. தாள்ல வீரப்பன்னு போட்டிருக்கு. கொஞ்சம் பொறுத்துக்குங்க." மூலைப் பக்கம் திரும்பி, "மேடம், பேரு வேற. நான் குடுக்க மாட்டேன்" என்றார்.

தேர்வில் மேடம் பதில் சொல்லக் கூடாது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து கொடுக்கும் தேர்வில் மருந்து கொடுக்காமல் நிற்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. கொடுத்துத் தொலையுங்கள் அக்கா என்று மனதுக்குள் கெஞ்சினேன். அக்காவோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சாப்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றார் சிங்காரம் அங்கிள், காலையிலிருந்து படுக்கவைத்துவிட்டார்கள், ஒரு டீகூடக் கொடுக்கவில்லை என்று அவர் மேடத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார். நான் மணி அடித்தபோது இருவரும் எந்தக் கடையில் பசெம்பூர் நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வகுப்பு மொத்தமும் காத்திருந்தது. மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். அக்கா இல்லை என்று தலையாட்டினார். சித்தி ஹாஜரா அக்காவின் பையைத் தூக்கி வைத்துக்கொண்டாள், ஏதோ ஊருக்கு வழியனுப்புவதைப் போல.

மேடம் நூர்ஜான் வெளியே வந்தார். நேராக அக்காவின் முன்னால் நின்றார்.

"தாள மாத்தி வச்சதே நான்தான்" என்றார். "இன்னிக்கு வேற வேற வகுப்புலருந்து வந்த எல்லாருக்கும் அதே தாளுதான். அவரும் எல்லார்கிட்டயும் அப்பான்னு கூப்பிடுன்னுதான் சொன்னாரு. பாதிப் பேரு குடுத்துட்டாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பாஸ்" என்றார்.

அக்கா மேடத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். மேடம் நூர்ஜானை யாரும் கட்டிப்பிடித்து நாங்கள் பார்த்ததில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்காவின் முதுகில் நாடி பார்ப்பதைப் போல இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

கேன்டீனுக்குப் போனோம். நான் வழக்கம்போல, "அக்கா, ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று கத்தினேன். அக்கா என்னைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"யாருடா அக்கா? இங்க எத்தன அக்கா இருக்காங்க பாரு. டீ ஊத்தறவங்க அக்கா, மேச தொடைக்கிறவங்க அக்கா. பேரச் சொல்லிக் கேளு."

"விளையாடாதீங்கக்கா."

"நான் அவ்வளவு பெரிய மனுசனப் பேரு கேட்டேன்ல? புருசன் பேரையே ஊருக்குக் கேக்கற மாதிரி கத்தினேன்ல? ஒனக்கு என்னா? முழுப் பேரு சொல்லு."

அதிலென்ன இருக்கிறது என்று வாயைத் திறந்தேன். நவமணி. நாலெழுத்து. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, என் அம்மாவின் கடைசித் தங்கைக்கு அவர் வயது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சித்தி ஹாஜராவைப் பார்த்தேன், அவள் மேசைக்கடியில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டாள். டீ ஊற்றுகிற அக்காகூடக் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். "நவ..." என்றேன். காது சுட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"நவமணிக்கா!"

"ஃபெயில்" என்றார் அக்கா.

எனக்கு மறுதேர்வு இன்னும் வைக்கவில்லை.